குளம்பைக் காணோமே, டீச்சர்!

ஏழாம் வகுப்பு அறிவியலில் விலங்குகள் தரும் இழைகளைப் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் ஒரு சொல்லை நான் வேகமாகக் கடந்துவிடுவது வழக்கம். செம்மறி ஆடு, வெள்ளாடு, யாக், முயல், அல்பாகா என்று கம்பளி தரும் விலங்குகளைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டே வருவேன். ஆடும் முயலும் பிள்ளைகளுக்குத் தெரியும். யாக் என்றால் இமயமலையைச் சொல்லிச் சமாளிக்கலாம். அல்பாகா வந்ததும், “அது தென் அமெரிக்காவில் இருக்கிற ஒரு வகை ஆடு” என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவேன். பதினோரு வருடங்களாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருவரும் மறுத்துக் கேட்டதில்லை.

சென்ற ஆண்டு வகுப்பறைத் திரையில் அல்பாகாவின் படத்தைக் காட்டினேன். நீண்ட கழுத்து, உருண்டை முகம், உடம்பு முழுக்கப் பஞ்சுப்பொதி. பிள்ளைகள் சிரித்தார்கள். கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவன் மட்டும் எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்து, விலங்கின் காலை உற்றுப் பார்த்தான்.

“டீச்சர், இது ஆடு இல்ல. குளம்பைக் காணோமே! பாதம் மெத்துமெத்துன்னுல்ல இருக்கு.”

அவனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளி சிவகங்கை மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் இருக்கிறது. அவன் அப்பா கீதாரி. அறுவடை முடிந்ததும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் கிடை போடப் போய்விடுவார். அம்மாவும் கூடப் போவார். பையன் அப்பத்தாவுடன் ஊரில் இருந்து படிக்கிறான். ஆடு ஈனும் காலத்தில் கைக்கு ஆள் வேண்டும் என்று அவனையும் கூப்பிட்டுக்கொள்வார்கள். வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே சிவப்பு மைதான் அதிகம். வகுப்பில் வாய் திறக்க மாட்டான். அன்றுதான் முதல் முறையாகத் தானாக எழுந்து வந்தான்.

அவன் சொன்னது சரி. “நாளைக்குப் படித்துவிட்டு வந்து சொல்கிறேன்” என்றேன். ஒரு நாள் போதவில்லை. ஏறக்குறைய ஒரு மாதம் அந்த விலங்கு எங்கள் வகுப்பிலேயே இருந்தது. அப்படித் தெரிந்துகொண்டவற்றில் பிற ஆசிரியர்களுக்கும் பயன்படும் என்று தோன்றியவற்றை இங்கே எழுதுகிறேன்.

ஒட்டகத்தின் உறவு

அல்பாகா ஆட்டு இனம் அல்ல. ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்தது. பாலைவனத்து ஒட்டகத்துக்கும் இதற்கும் இடையில் ஒரு பெருங்கடலே இருந்தாலும் இரண்டின் மூதாதையும் ஒன்று. இக்குடும்பம் தோன்றியது வட அமெரிக்காவில். ஒரு கிளை ஆசியாவுக்குப் போய் ஒட்டகமானது. இன்னொரு கிளை தெற்கே இறங்கி, குவானாகோ, விக்குன்யா என்ற இரண்டு காட்டு விலங்குகளானது. ஆண்டிஸ் மலை மக்கள் குவானாகோவைப் பழக்கிப் பொதி சுமக்கும் லாமாவையும், விக்குன்யாவைப் பழக்கி இழை தரும் அல்பாகாவையும் உருவாக்கினார்கள். பெரு நாட்டின் உயர்ந்த புல்வெளிகளில் இந்தப் பழக்கல் 6,000 முதல் 7,000 ஆண்டுகளுக்கு முன் நடந்தது. அல்பாகா எதிலிருந்து வந்தது என்பதில் ஆய்வாளர்களிடையே நெடுநாள் குழப்பம் இருந்தது. 2001-இல் வெளியான மரபணு ஆய்வுதான் அது விக்குன்யாவின் வழி என்று காட்டியது. அதன் பிறகு அறிவியல் பெயரையும் மாற்றினார்கள். ஆகவே நான் மட்டும்தான் தவறாகச் சொன்னேன் என்று ரொம்பவும் வருந்தவில்லை!

காலில் இரண்டு விரல்கள், விரலுக்கு ஒரு நகம், அடியில் மெத்தை போன்ற தோல். ஆட்டின் குளம்பு ஈர மண்ணைக் கிளறிவிடும். இந்தப் பாதம் கிளறாது. மேலுதடு நடுவில் பிளந்திருக்கும். கீழ்த்தாடையில் மட்டும் முன்பற்கள். புல்லை வேரோடு பிடுங்காமல் கத்தரித்தது போல மேயும். அசைபோடும், ஆனால் ஆடு மாடுகளுக்கு நான்கு அறைகள் உள்ள இரைப்பை என்றால் இதற்கு மூன்றே அறைகள்.

உயர்நிலை வகுப்பு எடுப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. பாலூட்டிகளின் சிவப்பணுக்கள் வட்ட வடிவம் என்று கற்பிக்கிறோம். ஒட்டகக் குடும்பம் அதற்கு விலக்கு. அவற்றின் சிவப்பணுக்கள் நீள்வட்டமானவை. அல்பாகாவின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறுகப் பற்றிக்கொள்ளும் தன்மை உடையது. 4,000 மீட்டர் உயரத்தில், நமக்கு மூச்சு வாங்கும் காற்றில், அது சாவகாசமாக மேய்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். உயரம் பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும் என்று தொட்டபெட்டாவைச் சொன்னேன். நம் மாநிலத்தின் அந்த உச்சி 2,637 மீட்டர். அதன் தலையில் பாதித் தொட்டபெட்டாவை ஏற்றி வைத்தால் வரும் உயரத்தில்தான் அல்பாகா மேய்ச்சலே தொடங்குகிறது.

நம் மாணவனின் கேள்விகள் வேறு மாதிரி இருந்தன. “குட்டி எப்படி டீச்சர் போடும்? எத்தனை போடும்?”

சினைக் காலம் பதினொன்றரை மாதம். ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டி, எடை 6 முதல் 8 கிலோ. பெரும்பாலும் டிசம்பரிலிருந்து மார்ச் வரை, அங்கே மழையும் புல்லும் உள்ள மாதங்களில், அதுவும் பகல் பொழுதில் ஈனும். இரவு உறைபனி இறங்குவதற்குள் குட்டி காய்ந்து, எழுந்து நின்று, பால் குடித்துவிட வேண்டும். ஏனென்றால் அல்பாகாத் தாய் குட்டியை நக்குவதில்லை. அதன் நாக்கு உதட்டுக்கு வெளியே அவ்வளவு நீளாது. முகர்ந்து பார்த்து, மெல்ல முனகிக்கொண்டே பக்கத்தில் நிற்கும். காய வைப்பது வெயிலும் காற்றும்தான்.

இதைச் சொன்னதும் அவன் முகம் மாறியது. “நக்காட்டி குட்டி செத்துப்போகுமே டீச்சர்” என்றான். எங்கள் ஊரில் மழை நாளில் பிறந்த குட்டியைச் சாக்கால் துடைத்து, நெருப்புப் பக்கத்தில் வைப்பது அவன் வேலை. ஆண்டிஸ் மலையிலும் அதுதான் பெரும் கவலை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான குளிரிலும், பருவம் தப்பி வரும் பனிப்பொழிவிலும் இளங்குட்டிகள் ஏராளமாகச் சாகின்றன. குளிருக்குத் தப்பியவற்றைக் குடலில் பெருகும் ஒரு பாக்டீரியா நோய் கொண்டுபோகிறது. கூரை போட்ட கொட்டகை கட்ட அரசு உதவுகிறது. அங்கே அந்தக் கொட்டகைதான் குட்டிகளுக்குக் காப்பீடு.

சாணமும் கத்தரிப்பும்

உலகில் உள்ள அல்பாகாக்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பெரு நாட்டில் இருக்கின்றன. ஏறத்தாழ 40 லட்சம். புனோ, குஸ்கோ, அரெகிப்பா, உவான்காவெலிக்கா ஆகிய பகுதிகளில் அதிகம். பெரிய பண்ணைகள் சிலவே. பெரும்பாலும் கெச்சுவா, அய்மரா மொழி பேசும் சிறு குடும்பங்கள், நூறுக்கும் குறைவான விலங்குகளை வைத்துப் பிழைக்கின்றன. அந்த உயரத்தில் கிழங்கைத் தவிர அதிகம் விளையாது; மக்காச்சோளத்துக்குக் கீழே பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். பனியாறு உருகும் நீரில் ஆண்டு முழுதும் பச்சையாக இருக்கும் சதுப்புப் புல்வெளிகள்தான் அவர்களுடைய சொத்து. அந்தப் பனியாறுகள் சுருங்கிக்கொண்டிருக்கின்றன என்பதால் எதிர்காலத்தைப் பற்றிய பயமும் உண்டு.

அல்பாகா கண்ட இடத்தில் சாணம் போடாது. மந்தை முழுவதும் ஓரிரு பொது இடங்களுக்குப் போய்த்தான் கழிக்கும். அதனால் மேய்ச்சல் நிலம் சுத்தமாக இருக்கும், புழுத்தொல்லையும் குறையும். மேய்ப்பவருக்குச் சாணத்தைத் தேடி அலைய வேண்டாம். மரமே வளராத உயரத்தில் காய்ந்த புழுக்கைதான் அடுப்புக்கு விறகு, கிழங்கு வயலுக்கு உரமும் அதுவே.

“அப்ப கிடை போட முடியாது” என்று அவன் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டான். எனக்குப் புரியவில்லை. அவனே விளக்கினான்: கிடை என்றால் ஆடுகள் வயல் முழுக்கப் பரவிப் படுத்துப் புழுக்கையும் மூத்திரமும் போட வேண்டும், ஒரே மூலையில் போய்ப் போட்டால் வயல்காரர் காசு கொடுப்பாரா? வகுப்பே அவனைத் திரும்பிப் பார்த்தது.

ரோமம் கத்தரிப்பது ஆண்டுக்கு ஒரு முறை, பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில், மழை தொடங்கிக் குளிர் தணிந்த பிறகு. தரையில் தார்ப்பாய் விரித்து, விலங்கைப் படுக்க வைத்து, முன்கால்களை ஒரு பக்கமும் பின்கால்களை ஒரு பக்கமும் கயிற்றால் இழுத்துக் கட்டி, வெட்டுகிறார்கள். ஒரு அல்பாகாவுக்குச் சுமார் 2 கிலோ கிடைக்கும். முதுகிலும் விலாவிலும் உள்ளதுதான் மெல்லிய இழை. கால், வயிறு, மார்புப் பகுதி முடி முரடானது. இரண்டையும் கலக்காமல் தனித்தனியாகச் சுருட்ட வேண்டும். அல்பாகாவில் இரு வகைகள்: பஞ்சுபோல் நிமிர்ந்து நிற்கும் ரோமம் கொண்ட வகாயா, சடைசடையாகத் தொங்கும் பளபளப்பான ரோமம் கொண்ட சூரி. பத்தில் ஒன்பது வகாயாதான்.

செம்மறியின் கம்பளியில் லனோலின் என்ற மெழுகுப் பிசுக்கு நிறைய இருக்கும். கழுவினால் எடை வெகுவாகக் குறைந்துவிடும். அல்பாகா ரோமத்தில் பிசுக்கு மிகக் குறைவு. மேய்ப்பவர் வீட்டுப் பெண்கள் அப்படியே கதிரில் திரித்து நூலாக்கிவிடுவார்கள். வெள்ளை, பழுப்பு, சாம்பல், கறுப்பு என இயற்கையிலேயே இருபதுக்கு மேற்பட்ட நிறங்கள் உண்டு. ஆனால் ஆலைகளுக்குச் சாயம் ஏற்ற வசதியான வெள்ளைதான் வேண்டும். அதனால் நிற விலங்குகள் மந்தையிலிருந்து மெல்ல மெல்ல மறைந்துவருகின்றன.

தராசு செய்த தீமை

அல்பாகா வளர்ப்பில் எல்லாமே ஒரு எண்ணில் போய் முடிகிறது: இழையின் தடிமன். அதை மைக்ரானில் அளக்கிறார்கள். மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமுடி ஏறத்தாழ 50 முதல் 100 மைக்ரான். காட்டு விக்குன்யாவின் இழை 12 மைக்ரானை ஒட்டியது. அல்பாகாவுக்கு 18 முதல் 30-க்கு மேலும் போகும். 30 மைக்ரானைத் தாண்டிய இழை முனைகள் உடலில் குத்தும். “கம்பளி கடிக்குது” என்று பிள்ளைகள் சொல்வது இதைத்தான். பெருவில் 23 மைக்ரானுக்குள் உள்ள மெல்லிய ரகத்துக்குப் ‘பேபி அல்பாகா’ என்று பெயர். குட்டியிடம் கத்தரித்தது என்று பொருள் அல்ல. மென்மையின் பெயர் அது. 31.5 மைக்ரானுக்கு மேற்பட்டது முரட்டு ரகம்.

வயது ஏற ஏற இழை தடிக்கும். தீனி குறைந்தால் மெலியும். பட்டினி கிடந்த விலங்கின் இழை மெல்லியதாக இருந்தாலும் இழுத்தால் அறுந்துவிடும் என்பதால் அந்த மென்மையால் பயனில்லை. மற்றபடி பெரும்பாலும் பிறப்பிலேயே வருவது. எந்தக் கிடாவை வைத்துக்கொள்கிறோம் என்பதுதான் மந்தையின் தலையெழுத்து.

அரெகிப்பா நகர ஆலைகளில் இந்த ரகம் பிரிக்கும் வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். இயந்திரத்தால் அளக்க முடியும் என்றாலும் ஒரு முழு ரோமப் போர்வையைப் பிரித்துப் போட்டு, விரலால் தொட்டுத் தொட்டு, எந்தக் கற்றை எந்த ரகம் என்று கூடைகளில் போடுவது இன்றும் கைவேலைதான். பல வருடப் பழக்கம் வேண்டும். மதிப்பு கூடுவது இந்தக் கூடைகளில்தான். மலை மேலே அல்ல.

மலை மேலே என்ன நடக்கிறது? இடைத்தரகர் வருவார். தராசில் தொங்கவிடுவார். ரகம் பிரிக்காமல் ஒட்டுமொத்தமாக, கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்கிப் போவார். நூறு விலங்குக்காரரால் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஆலைக்குத் தானே கொண்டுபோக முடியாது. கையில் காசும் உடனே வேண்டும்.

இந்த இடத்தில் கணக்குப் பாடத்துக்குத் தாவினேன். எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. இரு மேய்ப்பர்களிடம் ஆளுக்கு நூறு அல்பாகா. முதலாமவருடையவை மெல்லிய இழை; விலங்குக்கு 2 கிலோ. இரண்டாமவருடையவை முரட்டு இழை. தடித்த முடி கனக்கும் அல்லவா, விலங்குக்கு 3 கிலோ. தரகர் எதையும் பிரித்துப் பார்க்காமல் கிலோவுக்கு 200 ரூபாய் தருகிறார். யாருக்கு லாபம்? முதலாமவருக்கு 40,000, இரண்டாமவருக்கு 60,000. ஆலையில் ரகம் பிரித்து, மெல்லியதற்கு 400, முரட்டுக்கு 150 என்று கொடுத்தால்? 80,000 எதிர் 45,000.

பிறகு கேட்டேன்: “முதல் விலைதான் கிடைக்கும் என்றால், அடுத்த வருடம் எந்தக் கிடாவை வைத்துக்கொள்வீர்கள்?” முரட்டு முடிக் கிடாவை என்று வகுப்பு ஒருமித்துச் சொன்னது. இருபது வருடம் எல்லோரும் அப்படியே செய்தால் மந்தை என்ன ஆகும் என்ற கேள்விக்குப் பதில் சொல்லச் சிறிது நேரம் பிடித்தது. செயற்கைத் தேர்வு என்ற கருத்தை இதற்கு முன் இவ்வளவு எளிதாக நான் புரியவைத்ததில்லை.

நம் மாணவன் இன்னொன்று சொன்னான். அவன் அப்பாவிடம் ஆடு வாங்க வரும் யாவாரி தராசே கொண்டுவர மாட்டார். கண்ணால் பார்த்து, இடுப்பைப் பிடித்துப் பார்த்து, ஒரு விலை சொல்வார். எடை போட்டால் கூடக் கிடைக்கும் என்று அப்பா சொல்வாராம். அங்கே எடை மட்டும் போடுகிறார்கள். கண்ணாலும் கையாலும் பார்க்க ஆள் இல்லை.

இந்தச் சீரழிவு புதிதும் அல்ல. ஜேன் வீலர் என்ற தொல்விலங்கியல் ஆய்வாளர், தெற்குப் பெருவில் எல் யரால் என்ற இடத்தில் கிடைத்த அல்பாகா, லாமா உடல்களை ஆராய்ந்தார். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்டு, பாலை மண்ணில் கெடாமல் காய்ந்து கிடந்தவை அவை. தோலில் இருந்த இழையை அளந்தபோது, இன்றைய மந்தைகளில் காண்பதைவிட மெல்லியதாகவும், உடல் முழுவதும் ஒரே சீராகவும் இருந்தது. இன்கா அரசு காலத்தில் மந்தைகளை நிறவாரியாகப் பிரித்து வளர்த்தார்கள். மிக மெல்லிய துணி நெய்யத் தனிக் கைவினைஞர்கள் இருந்தார்கள். மந்தைக் கணக்கைக் கிப்பு என்ற முடிச்சுக் கயிறுகளில் வைத்திருந்தார்கள். 1532-இல் ஸ்பானியர் வந்த பிறகு மக்களும் மந்தைகளும் பெருமளவில் அழிந்தன. கீழ்நிலங்களில் அவர்களுடைய செம்மறிகள் மேய்ந்தன. எஞ்சிய அல்பாகாவும் லாமாவும் உயரங்களுக்கு ஒதுங்கி, ஒன்றோடொன்று கலந்தன. ஆண் லாமாவுக்கும் பெண் அல்பாகாவுக்கும் பிறக்கும் கலப்பினத்துக்கு ‘வரிசோ’ என்று பெயர். சந்தையில் ஒரு முரட்டு இழை ரகத்துக்கும் இன்று அதே பெயர்தான் வழங்குகிறது.

ஒரு முடி, ஒரு லேசர்

மைக்ரான் என்று சொல்லிக்கொண்டே இருந்தால் பிள்ளைகளுக்கு அது வெறும் சொல். அளந்து பார்க்க வேண்டும் என்று எங்கள் பள்ளியின் பத்தாம் வகுப்பு அறிவியல் ஆசிரியரிடம் கேட்டேன். அவர் சாவிக்கொத்தில் மாட்டும் சிவப்பு லேசர் விளக்கு ஒன்றைக் கொண்டுவந்தார்.

முறை எளிது. அட்டையில் ஒரு துளை போட்டு அதன் குறுக்கே ஒரு முடியை ஒட்ட வேண்டும். இருட்டறையில் லேசர் கதிர் முடியின் மேல் படும்படி வைத்தால், 2 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் ஒற்றைப் புள்ளிக்குப் பதில் வெளிச்சமும் இருளும் மாறிமாறி வரும் ஒரு கோடு தெரியும். இது ஒளியின் விளிம்பு விளைவு. நடுவெளிச்சத்தை விட்டுவிட்டு, ஒரு பக்கத்தில் அடுத்தடுத்த இரு இருண்ட இடங்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளவுகோலால் அளக்க வேண்டும். லேசரின் அலைநீளத்தைச் சுவரின் தூரத்தால் பெருக்கி, அளந்த தூரத்தால் வகுத்தால் முடியின் தடிமன் வந்துவிடும். சிவப்பு லேசருக்கு 650 நானோமீட்டர் என்று எடுத்துக்கொண்டோம். முடி மெலிய மெலிய, சுவரில் கோடு விரியும். இதுதான் பிள்ளைகளைக் கட்டிப்போட்டது. லேசரை யாரும் கண்ணுக்கு நேரே காட்டாமல் ஆசிரியரே கையில் வைத்துக்கொள்வது முக்கியம். அதன் முன் கண்ணாடி, எவர்சில்வர் பாத்திரம் எதுவும் இருக்கக் கூடாது.

ஒரு மாணவியின் தலைமுடி 1.8 சென்டிமீட்டர் காட்டியது. அதாவது 72 மைக்ரான். ஒரு வீட்டிலிருந்து வந்த பழைய கறுப்புக் கம்பளியின் இழை 3.5 சென்டிமீட்டர், 37 மைக்ரான். கடிக்கத்தான் செய்யும். 20 மைக்ரான் அல்பாகா இழை எங்களிடம் இல்லை. இருந்திருந்தால் சுவரில் எவ்வளவு விரியும் என்று கரும்பலகையில் கணக்குப் போட்டார்கள்: ஆறரை சென்டிமீட்டர்.

நான் ஊட்டியில் ‘அசல் கம்பளி’ என்று வாங்கிவந்த ஸ்வெட்டரிலிருந்தும் ஒரு இழை உருவினோம். அளப்பதற்கு முன் ஒரு நுனியைத் தீயில் காட்டுவோம் என்றார் அறிவியல் ஆசிரியர். கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வர வேண்டும். பொடியும் சாம்பல் மிஞ்ச வேண்டும். என் ஸ்வெட்டர் உருகிக் கடினமான மணியாகிவிட்டது. அக்ரிலிக்! அந்த ஆண்டு முழுவதும் வகுப்பில் அது பேச்சாக இருந்தது.

கடைசியாக நம் மாணவன் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தான். அவர்கள் ஆட்டு முடி. அளந்தால் தலைமுடியின் கணக்கிலேயே வந்தது. “அதான் எங்க ஆட்டுல கம்பளி எடுக்கிறதில்ல” என்று அவனே முடித்துவைத்தான். உண்மைதான். ராமநாதபுரம் வெள்ளை, வேம்பூர், கீழக்கரிசல் போன்ற நம் தென்மாவட்டச் செம்மறிகள் வெயிலுக்கேற்ற முடி ஆடுகள், இறைச்சிக்காக வளர்ப்பவை. நம் மாநிலத்தில் மெல்லிய கம்பளிக்கென்றே உள்ள இனம் நீலகிரி ஆடு. உள்ளூர் ஆட்டோடு மெரினோ முதலிய வெளிநாட்டு இனங்களைக் கலந்து 19-ஆம் நூற்றாண்டில் உருவானது. உதகையை அடுத்த சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் அதைப் பாதுகாத்து வருகிறார்கள்.

விலங்கை விற்கும் வியாபாரம்

“நாமும் அல்பாகா வளர்க்கலாமா?” என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஆண்டிஸுக்கு வெளியே இந்த இழைக்கு மவுசு ஏற்படுத்தியவர் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகர ஆலை முதலாளி டைட்டஸ் சால்ட். 1836-இல் லிவர்பூலில் கேட்பாரற்றுக் கிடந்த அல்பாகா மூட்டைகளை வாங்கி, பருத்திப் பாவில் அல்பாகா ஊடை வைத்து நெய்து பெரும் பணக்காரரானார். அவர் செய்தது இழை வியாபாரம்.

அமெரிக்காவில் 1980-களில் தொடங்கியது வேறு. சிறு பண்ணைகள் அல்பாகாவை இறக்குமதி செய்து, குட்டிகளை அடுத்த பண்ணைக்கு விற்றன. அந்தப் பண்ணை அதற்கடுத்த பண்ணைக்கு விற்றது. ஒரு விலங்கின் விலை பல்லாயிரம் டாலரானது. டினா சைட்டோன், ரிச்சர்ட் செக்ஸ்டன் என்ற கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் 2007-இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: அந்த விலங்கு வாழ்நாளில் தரும் இழையின் மதிப்பு அந்த விலைக்கு எந்த வகையிலும் ஈடாகாது. பின்னர் விலை சரிந்தது. வாங்க ஆள் இல்லாமல் இலவசமாகக் கொடுத்தவர்களும் உண்டு. நம் பக்கத்தில் ஈமு கோழி வளர்ப்பு 2012-இல் எப்படி முடிந்தது என்பது பெற்றோர் பலருக்கு நினைவிருக்கும். ஒரு விலங்கின் விளைபொருளை யார் வாங்குகிறார் என்று கேட்கப் பிள்ளைகளைப் பழக்குவதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

பாடம் முடிந்தது என்று நான் நினைத்திருந்தபோது, நம் மாணவன் வகுப்புக்கு வெளியே என்னிடம் தனியாகக் கேட்டான்: “டீச்சர், அங்க அல்பாகா மேய்க்கிற வீட்டுப் பிள்ளைக எப்படிப் பள்ளிக்கூடம் போவாங்க?”

தேடிப் பார்த்துச் சொன்னேன். பலர் மணிக்கணக்கில் நடக்கிறார்கள். பலர் நின்றும்விடுகிறார்கள். ஆனால் 2002-இலிருந்து பெருவின் கிராமப்புறங்களில் முறைமாற்றி நடக்கும் உயர்நிலைப் பள்ளிகள் சில இருக்கின்றன. மாணவர்கள் இரண்டு வாரம் பள்ளியிலேயே தங்கிப் படிப்பார்கள். அடுத்த இரண்டு வாரம் வீட்டில். வீட்டுக்குப் போகும்போது செய்ய வேண்டிய வேலை, கவனிக்க வேண்டியவை, கேட்டு எழுத வேண்டிய கேள்விகள் ஆகியவற்றோடு போவார்கள். ஆசிரியர்கள் வீடு தேடிப் போய்ப் பார்ப்பார்கள். அந்த இரண்டு வாரமும் படிப்புக் கணக்கில்தான் சேரும். வராத நாளாகச் சேராது.

அவன் எதுவும் சொல்லவில்லை. அவனுடைய சிவப்பு மையை நினைத்துக்கொண்டு நானும் சும்மா இருந்தேன்.

பொங்கல் கழிந்து அவன் தஞ்சாவூருக்குக் கிளம்பும்போது இருநூறு பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்தேன். தலைமை ஆசிரியரிடமும் சொல்லிவைத்தேன். வருகைப் பதிவேட்டில் எதுவும் மாறவில்லை. அது என் கையில் இல்லை. ஐந்து வாரம் கழித்து வந்தான். நோட்டில் நாற்பத்தாறு பக்கம் எழுதியிருந்தான். ஈன்ற ஆடு, பிறந்த தேதி, கிடாக்குட்டியா பெட்டைக்குட்டியா, இரட்டையா ஒற்றையா. செத்தது மூன்று, காரணம் இரண்டுக்குத் தெரியும், ஒன்றுக்குத் தெரியாது. கிடை போட்ட வயல்களின் பெயர், ஒரு இரவுக்கு வாங்கிய கூலி. யாவாரி கேட்ட விலை, அப்பா சொன்ன விலை. ஒரு பக்கத்தில் மட்டும், உரச்சாக்கை எடை போடும் தராசில் அப்பாவைக் கேட்டு நான்கு ஆடுகளை நிறுத்துப் பார்த்ததாகவும், எடையைக் காட்டிய பிறகு யாவாரி ஆட்டுக்கு முந்நூறு ரூபாய் கூட்டிக் கொடுத்ததாகவும் எழுதியிருந்தான். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு அல்பாகா. பாதத்தை மட்டும் பெரிதாக வரைந்திருந்தான்.